நமக்கு மழை, அங்கே உலைக்காற்று

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஒரே வகுப்பைச் சேர்ந்த ஐவர் இணைந்து தயாரித்து வழங்கிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேச எத்தனையோ விடயம் இருக்க, இரும்பைப் பற்றியா பேசப்போகிறீர்கள் என்று சங்கத்து அக்காமார் சிரித்தார்கள். பொல்பிட்டியவில் பிறந்தவர்களுக்கு இரும்பு அந்நியமானதல்ல. மலை உச்சியிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய உருக்குக் குழாய்களைப் பார்த்துக்கொண்டுதான் நாம் பாடசாலைக்கு நடந்தோம். லக்ஷபான நீரை வாங்கி அந்த மின்நிலையம் 1969இல் ஓடத் தொடங்கியது. வீட்டிலே கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, முள்ளு, அருவாள். அப்பா கத்தியைக் கல்லில் தீட்டும் சத்தம் கேட்டுத்தான் பலர் விடியலில் எழும்பினோம். நமது பழைய பாடசாலை மணிகூட ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கும் முறை வரும் நாளில் நமக்கு இருந்த மிடுக்கு பிறகு எந்தப் பதவியிலும் வரவில்லை.

ஆனால் அந்த இரும்பெல்லாம் கப்பலில் வந்தது என்றே நினைத்து வளர்ந்தோம். சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் ஊதுலைப் படம் ஒன்று இருந்தது. அம்புக்குறி போட்டு, சுண்ணாம்புக்கல், கற்கரி, சூடான காற்று என்று பெயரிட்டு மனனம் செய்தோம். அது எங்கோ இங்கிலாந்தில் நடப்பது. நமது மலைகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பும் உருக்கும் செய்யப்பட்டன என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால், அந்தப் படத்தை வேறு கண்ணால் பார்த்திருப்போம்.

அந்த விடுபட்ட வரியைத்தான் இன்று பேசுகிறோம்.

சிவனொளிபாதமலைத் தொடருக்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம், பலாங்கொடையைத் தாண்டினால் சமனலவெவ. அங்கே வளவை கங்கையை மறித்து ஓர் அணை கட்டி, 1992இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். நமது மின்நிலையத்துக்கும் சமனல என்றே ஒரு பெயர் உண்டு. வெளியூர்த் தோழியர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புவதுண்டு. அணை கட்டினால் நிலம் நீருக்குள் போகும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மவுஸாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் இடிபாடுகள் தலைகாட்டும். சமனலவெவவில் நீர் நிரம்புமுன் நிலத்தில் என்ன இருக்கிறது என்று தேட 1988இல் ஒரு தொல்லியல் ஆய்வு தொடங்கியது. அதை நடத்தியவர் ஜில் ஜூலெஃப் என்ற பிரித்தானியப் பெண்மணி.

அவர் தேடியபோது மலைச்சரிவெங்கும் இரும்புக் கிட்டம் கிடந்தது. தாதிலிருந்து இரும்பைப் பிரித்தபின் உருகி வழிந்து இறுகும் கறுத்த கழிவுதான் கிட்டம். ஓரிரு இடங்களில் அல்ல, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இரும்பு வேலையின் தடயம் இருந்தது. அவற்றுள் 70க்கும் மேற்பட்டவை ஒரே விதமாக அமைந்திருந்தன. எல்லாமே மலைமுகடுகளிலும் அவற்றின் விளிம்புகளிலும் இருந்தன. எல்லாமே மேற்கைப் பார்த்தபடி இருந்தன. வீட்டுக்கு வாசல் வைப்பதற்கு மனைசாத்திரம் பார்ப்பதுபோல, உலைக்கும் ஏன் திசை பார்த்தார்கள்?

காரணம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நம்மிடம் வருகிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுவது அதனால்தான். நமக்கு அது நனைந்த படங்கு, அட்டைக்கடி, காயாத சீருடை. மழையை நம் பக்கத்துச் சரிவுகளில் இறக்கிவிட்டு மலையைக் கடக்கும்போது அதே காற்று உலர்ந்துவிடுகிறது. வேகம் மட்டும் மிஞ்சுகிறது. மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்ட நம் தோழியர் அதைக் கச்சான் காற்று என்பார்கள். பெலிஹுல்ஓயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் படித்த தங்கைமாரிடம் கேளுங்கள், ஆடி மாதக் காற்றில் குடை பிடித்த கதை நிறையச் சொல்வார்கள். மழை குறைந்து, ஒரே திசையிலிருந்து, நாட்கணக்கில் விடாமல் அடிக்கும் காற்று. உலை வைப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உலையின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டித்தனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சரிவை வெட்டி, கல்லும் களிமண்ணும் கொண்டு வளைந்த பின்சுவர் ஒன்று எழுப்பினார்கள். அது நிலையாக இருக்கும். அதற்கு முன்னால் மேற்கை நோக்கி, ஏறத்தாழ 2 மீற்றர் நீளத்துக்கு நேரான களிமண் முன்சுவர். அதன் அடியில் வரிசையாகக் களிமண் ஊதுகுழாய்கள். இரு சுவர்களுக்கும் இடையில் மரக்கரியும் இரும்புத்தாதும். மேலே திறந்தபடி. உலையை மூட்டி, வேலை முடிந்ததும் முன்சுவரை உடைத்து இரும்பை எடுப்பார்கள். அடுத்த முறைக்குப் புதிய முன்சுவர். துருத்தி கிடையாது, துருத்தி மிதிக்க ஆளும் கிடையாது.

துருத்தி இல்லாமல், காற்றை மட்டும் நம்பி நல்ல இரும்பு எடுக்க முடியாது என்றே அதுவரை பல அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். காற்று கூடும், குறையும். உலை சீராக எரியாது என்பது அவர்கள் வாதம். ஜூலெஃப் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1994இல் அதே மண்ணில், அதே அளவில் உலை கட்டி, பருவக்காற்று வீசும் காலத்தில் மூட்டிப் பார்த்தார். இரும்பு கிடைத்தது. மென்மையான இரும்பு மட்டுமல்ல, காபன் கூடிய உருக்கும் கிடைத்தது. அந்த ஆய்வு 1996 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. உலைகளின் கரியைக் கதிரியக்கக் காபன் முறையில் கணித்தபோது, இந்தத் தொழில் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் செழித்திருந்தது தெரியவந்தது.

எப்படி முடிந்தது? காற்று ஊதுகுழாய்க்குள் நேராக மோதி நுழைந்ததனால் மட்டும் அல்ல. முன்சுவரின் மேல்விளிம்பைத் தாண்டி வேகமாக ஓடும் காற்று, அந்த விளிம்புக்குச் சற்றுப் பின்னால், உலையின் வாய்க்குள் அமுக்கம் குறைந்த ஓர் இடத்தை உண்டாக்குகிறது. அந்தக் குறைவை நிரப்ப, கீழேயுள்ள குழாய்கள் வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. பேர்னூலியின் தத்துவம் என்று உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் விடயம் இது. ஆனால் லயத்தில் பிறந்தவளுக்குப் பௌதிகவியல் வகுப்புக்குப் போகுமுன்னரே இதில் பாதி தெரியும். கடுங்காற்றில் கூரைத்தகரம் ஏன் பறக்கிறது? காற்று உள்ளே புகுந்து தள்ளுவதால் மட்டுமல்ல. மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. அதற்காகத்தானே தகரத்தின்மேல் கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைத்தோம்? நம் தாத்தாமார் கல் வைத்து அடக்கிய அதே இழுப்பை, சமனலவெவ உலைக்காரர் கூப்பிட்டு வேலை வாங்கினார்கள். காற்றின் வேகம் சற்று மாறினாலும் முன்சுவரை ஒட்டிய பகுதியில் வெப்பம் சீராகவே நின்றது.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். பழைய உலைகள் அவ்வளவுக்குப் போகவில்லை, போகத் தேவையும் இல்லை. சுமார் 1200 பாகையில், கரி எரிந்து வரும் காபனோரொட்சைட்டு தாதிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும். மண்ணும் மணலும் கிட்டமாக உருகி வழியும். இரும்பு உருகாமல், துளைதுளையான கட்டியாகத் திரளும். அதைச் சூட்டோடு அடித்து அடித்துக் கிட்டத்தைப் பிதுக்கி எடுத்தால் தேனிரும்பு. அந்த இரும்புக்குள் காபன் நூற்றில் ஒரு பங்கு அளவில் சேர்ந்துவிட்டால் அது உருக்கு. வளையாது, கூர் மழுங்காது, சூட்டோடு நீரில் தோய்த்தால் இன்னும் இறுகும். நூற்றில் நான்கு பங்கு சேர்ந்தால் வார்ப்பிரும்பு. கீழே போட்டால் உடைந்துபோகும். ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இத்தனை வேறுபாடு. இதைத் தராசும் வெப்பமானியும் இல்லாமல், நெருப்பின் நிறத்தையும் சம்மட்டி பட்ட சத்தத்தையும் வைத்து அறிந்தார்கள். கொழுந்தின் பதத்தை விரல்நுனியால் அறியும் அம்மாமாரின் பிள்ளைகளான நமக்கு இது நம்பமுடியாத விடயமல்ல.

இந்த உருக்கின் பெயர் கடல் கடந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில், சரந்தீப் உருக்கையும் அதில் செய்த வாள்களையும் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது நமது தீவுதான். சமனலவெவ உலைகள் எரிந்துகொண்டிருந்த அதே காலம் அது.

உருக்கு செய்ய இன்னொரு வழியும் இருந்தது. இரும்புத் துண்டுகளை மரத்துண்டுகளோடு சிறிய களிமண் புடக்குகைக்குள் இட்டு, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்து, கரிநெருப்பில் வைத்து ஊதுவது. உள்ளே காபன் சேரச் சேர இரும்பு உருகும். ஆறியபின் குகையை உடைத்தால் கைக்கடக்கமான உருக்குக் கட்டி கிடைக்கும். தமிழகத்தில் சேலம் பக்கத்தில் இதற்கு ஆவாரை மரத்துண்டுகளைப் போட்டார்கள் என்று 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த உருக்கைத்தான் அவர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். கன்னட 'உக்கு'வைச் சரியாகக் கேட்காமல் எழுதியதால் வந்த பெயர் என்பது பொதுவான கருத்து. உக்கும் நமது உருக்கும் உறவுச் சொற்கள். 1795இல் லண்டன் ரோயல் சொசைட்டியில் ஜோர்ஜ் பியர்சன் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். மின்சாரப் பாடத்தில் நமக்குப் பழக்கமான மைக்கல் பரடே, இளமையில் பல ஆண்டுகள் இதே உருக்கின் இரகசியத்தைத் தேடிச் சோதனைகள் செய்தார். நம் ஊர் மின்நிலையத்தின் பிறப்பாக்கி எந்தத் தத்துவத்தில் சுழல்கிறதோ, அதைக் கண்டறிந்த அதே பரடேதான். தமிழகத்தில் மேல்சிறுவளூர் என்ற இடத்தில் இப்படிப் புடக்குகையில் உருக்கு செய்த தடயங்களை வெளிக்கொண்டு வந்தவர் சாரதா ஸ்ரீநிவாசன். ஜூலெஃபைப்போல் அவரும் பெண். உலோகவியல் ஆண்பிள்ளைகள் படிப்பு என்று யாராவது சொன்னால், தங்கைமாரே, இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.

இலங்கையிலும் பலாங்கொடைப் பக்கம் மாவல்கஹ என்ற ஊரில் புடக்குகை உருக்குத் தொழில் அண்மைக்காலம் வரை இருந்தது. அதன் கடைசி நாட்களை எழுதி வைத்தவர் நம்மவர்தான்: ஆனந்த குமாரசுவாமி. கலை விமர்சகர் என்றே அவரை நமக்குத் தெரியும். அவர் முதலில் புவியியலாளர்; 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குப் பணிப்பாளராக இருந்தவர். கற்களைத் தேடி மலையேறியபோது, இரும்பு உருக்கத் தெரிந்த கடைசி மனிதரைக் கண்டு, அவர்களைச் செய்துகாட்டச் சொல்லி, ஒவ்வொரு படியையும் குறித்தார். 1908இல் வெளியான அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அது இருக்கிறது. அந்த நூலுக்கான படங்களைப் பிடித்தவர் அவரது மனைவி எத்தெல். பின்னாளில் இங்கிலாந்தில் நெசவுக்கலையில் பெயர் பெற்ற அதே எத்தெல் மேரே.

அதற்கும் முன்னர் ஒருவர் எழுதினார். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறையிருந்த ரொபட் நொக்ஸ். 1681இல் அச்சான அவரது நூலில் இரும்பு செய்யும் விதம் வருகிறது. அது காற்றுலை அல்ல, துருத்தி உலை. குடைந்த இரண்டு மரக்கட்டைகள், அவற்றின் வாயில் மான்தோல், தோலில் ஒரு துளை. ஊதுகிறவர் இரண்டின்மேலும் கால் வைத்து நின்று, துளையைப் பாதத்தால் அடைத்து, மாறி மாறி மிதிப்பார். வளைத்து நட்ட குச்சிகள் தோலை மறுபடி மேலே இழுக்கும். நொக்ஸ் இன்னொன்றும் கவனித்திருக்கிறார். மிதிக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டி கட்டியிருந்தது, பாரத்தை அதில் சாய்த்துக் காலுக்குச் சற்று ஓய்வு கொடுக்க. இதை வாசித்தபோது எங்கள் ஐவருக்கும் ஒரே நினைவு வந்தது: தலையில் கயிறு மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிட்ட அம்மாமார். நாள் முழுக்க உடம்பால் உழைப்பவர் தம் உடம்புக்குத் தாமே செய்துகொள்ளும் சிறு ஏற்பாடு. உலையைப் பற்றி எழுதிய பலர் பட்டியைப் பற்றி எழுதுவதில்லை. நொக்ஸ் எழுதினார், அதற்காகவே அவரை எங்களுக்குப் பிடிக்கும்.

பிறகு தொழில் ஏன் போனது? மலிவான சீமை இரும்பு வந்தது. 1856இல் பெசமர் கண்ட முறையால் உருக்கும் மலிந்தது. கரிக்கு மரம் தந்த காடுகள் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. ரயில் பாதை 1884இல் ஹட்டனை எட்டியது. இரும்பு மலைக்கே வந்திறங்கியது. இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்க முடியாது. அந்தக் காடுகளை வெட்டியவர்கள் நம் முப்பாட்டன்மார். சீமைக் கத்தியும் கோடரியும் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்கள். ஒரு தொழில் அணைந்த காலமும் நாம் இந்த மலைக்கு வந்து சேர்ந்த காலமும் ஒன்றே. அதற்காக நாம் குற்றவாளிகள் அல்லர். காட்டுக்கும் உலைக்கும் நமக்கும் விலை வைத்தவர் ஒருவரே.

அந்த உலைகள் தமிழருடையவையா சிங்களவருடையவையா என்று ஒத்திகையிலேயே ஒருவர் கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து வரும் அகழாய்வுச் செய்திகளைப் படித்து நாமும் பெருமைப்படுகிறோம்தான். ஆனால் சமனலவெவ இரும்பைச் சுற்றியிருந்த கிராமங்கள் சிங்களக் கிராமங்கள். குமாரசுவாமிக்குச் செய்துகாட்டியவர்களும் சிங்களக் கிராமத்தவர். அந்த அறிவை மதித்து ஏட்டில் ஏற்றியவர்களுள் ஒருவர் தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். நமக்குச் சொந்தமென்று உரிமை கோராமலே ஒன்றை மெச்சலாம்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். எங்கள் காலத்தில் இங்கே உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. ஐவருக்கும் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு. இருவருக்கு வெளியூரில் தங்கிப் படிக்க வசதி கிடைத்தது. மூவருக்குக் கிடைக்கவில்லை, பெண்பிள்ளையைத் தனியே விடமாட்டோம் என்றது ஒரு வீடு, காசில்லை என்றன மற்ற இரண்டும். மலையகத்தில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் இன்றும் போதாது. இந்த உரைக்காக வாசித்தபோது, கூரைத்தகரத்தை நினைவுபடுத்தி உலையின் காற்றோட்டத்தை மற்றவர்களுக்கு விளக்கியவள் விஞ்ஞானம் படிக்கக் கிடைக்காத மூவரில் ஒருத்தி.

ஆகவே நூற்றாண்டு நிதியைப் பற்றி நாளைய கூட்டத்தில் பேசும்போது, வளைவும் கல்வெட்டும் ஒருபுறம் இருக்க, வெளியூரில் விஞ்ஞானம் படிக்கும் தங்கைமாரின் விடுதிக் கட்டணத்தையும் அக்காமார் நினைவில் வைக்கும்படி கேட்கிறோம். இன்னொன்று, ஆடி மாதத்தில் ஒரு நாள், பொகவந்தலாவை வழியாகப் பலாங்கொடைக்குப் பஸ் ஒன்று பேசி, பிள்ளைகளைச் சமனலவெவப் பக்கம் கூட்டிப்போக வேண்டும். மேற்குமுகமாக ஒரு முகட்டில் அவர்கள் நின்றாலே போதும், பேர்னூலியை நாங்கள் விளக்க வேண்டியிராது. தொப்பி வேண்டாம், நிற்காது.

கடைசியாக ஒரு வேலை. தோட்டத்துப் பட்டறைகளில் கத்தி காய்ச்சி, மம்பட்டி தட்டித் தந்த ஆசாரிமார் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அவர்கள் கைபட்ட கவ்வாத்துக் கத்தி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கலாம். தூக்கிப் போடாமல் பாடசாலை ஆய்வுகூடத்து அலுமாரிக்குக் கொண்டுவாருங்கள். கூடவே ஒரு துண்டுக் கடதாசியில் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், அதைப் பிடித்தவர் யார், காய்ச்சிக் கொடுத்த ஆசாரியின் பெயர் என்ன என்று எழுதித் தாருங்கள். அம்மாவுக்கு நினைவிருக்கும்; அவரிடம் இந்த விடுமுறையிலேயே கேளுங்கள்.